செம்மநத்தத்து நிலக்கரி

கல்லூரியில் நான் நிலவியல் படித்ததற்கு ஒரே காரணம், அந்த வகுப்பில்தான் இடம் காலியாக இருந்தது. சேலத்தில் மூன்று வருடம் கல்லையும் மண்ணையும் படித்தேன். பட்டம் வாங்கிய கையோடு, ஏற்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாக ஆணியும் பைப்பும் தார்ப்பாயும் கயிறும் விற்கிறேன். என் நிலவியலுக்குக் கடையில் இருந்த ஒரே வேலை, ஜல்லியில் எது முக்கால் இஞ்சு, எது ஒன்றரை இஞ்சு என்று சொல்வதுதான்.

ஆனால் மலையில் ஒரு பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. பாய் கடையில் இருக்கிற அம்மா கல்லுக்குப் படித்தவர். கரடியூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் தோட்டத்தில் பளபளவென்று எதையாவது கண்டெடுத்தால் துணியில் முடிந்துகொண்டு வந்துவிடுவார்கள். மோதிரத்துக்கு ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது என்பேன். போர் போட்டால் தண்ணி வருமா என்று கேட்பார்கள். வரும் என்றோ வராது என்றோ சொல்வேன். சில தடவை வந்தும் இருக்கிறது. எது கேட்டாலும் ஏதாவது சொல்வேனே தவிர, தெரியாது என்று மட்டும் எனக்கு வாயில் வராது. என் கணவர் இதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார்.

மழைக்காலம் முடியப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் ஏற்காட்டுக் கடைவீதியில் நிற்க இடம் கிடையாது. கார் மேலே சாமான் கட்டக் கயிறு கேட்டு ஒரு குடும்பம், குடை கேட்டு ஒரு குடும்பம். குடை நாங்கள் விற்பதே இல்லை. அதைச் சொன்னால், ஹார்டுவேர் கடையில் குடை இல்லாமல் எப்படி என்று சண்டைக்கு நிற்கிறார்கள். இந்த நேரத்தில்தான் செம்மநத்தத்துக்காரர் போன் செய்தார்.

அவர் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. செம்மநத்தத்தில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். அவரும் அவர் மனைவியும்தான் அதில் எல்லா வேலையும். பிள்ளைகள் கீழே திருப்பூர்ப் பக்கம் இருக்கிறார்கள். காப்பிக்கு நிழலாக முப்பது சில்வர் ஓக் மரம் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து உச்சி வரைக்கும் மிளகுக்கொடி. காப்பி ஒரு வருடம் காலை வாரினாலும் மிளகு அவர்களைக் கைவிட்டதில்லை. சென்ற வருடம் ஏதோ செலவுக்காக மரங்களை வெட்டிவிடலாம் என்று பர்மிட் வரைக்கும் வாங்கி வைத்துவிட்டு, கொடியைப் பார்த்ததும் மனசு வராமல் விட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க பாயம்மா, ஊட்டுக்குப் பின்னாடி கக்கூஸ் தொட்டிக்குக் குழி தோண்டறமுங்க. அஞ்சடியில கருப்பா கட்டி கட்டியா வருதுங்க."

"கருங்கல்லா இருக்கும்ணா."

"கல்லு இல்லீங்க. நேத்து எங்கூட்டுக்காரி ஒண்ணை அடுப்புல போட்டுப் பார்த்தாளுங்க. எரியுதுங்க."

"எரியுதா?"

"சோறு ஆகற வரைக்கும் கனகனன்னு கெடந்துச்சுங்க."

குடை கேட்டு வந்தவர் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. பதினெட்டு வருடம் கழித்து என் படிப்பைப் பார்த்து ஒரு நல்ல கேள்வி வந்திருக்கிறது. யோசிக்கவே இல்லை.

"எரிஞ்சா நிலக்கரிதான்ணா. வேற எந்தக் கல்லு எரியும்?"

"அப்படின்னா என்னங்க ஆகும்?" என்றார்.

"என்ன ஆகும்? பூமிக்குக் கீழ இருக்கிறது நமக்குச் சொந்தமில்லீங்கண்ணா, கவர்மெண்டுக்குத்தான். தெரிஞ்சா அளக்க வந்துருவாங்க. மேல இருக்கிறது மட்டும்தான் நமக்கு."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கயிறு அளந்தேன். அன்றைக்கு முழுவதும் அதை மறுபடி நினைக்கவே இல்லை. இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. இந்த மலை உச்சிப் பக்கம் பாக்சைட் எடுப்பதற்காகச் செம்மண்ணை வழித்த இடங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போய், உங்கள் நிலத்துக்கடியில் நிலக்கரி என்று, குடை இல்லை என்று சொல்கிற அதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை என் கணவர் சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீயோடு உட்கார்ந்தார். "செம்மநத்தத்து அண்ணன் நேத்து கடை மூடற நேரத்துக்கு வந்தாரும்மா. நீ ஊட்டுக்கு வந்துட்டே. நூறடிக் கயிறு வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

"அவ்வளவு கயிறு எதுக்கு?"

"மரம் சாய்க்கறதுக்காம். முப்பது மரத்தையும் இன்னைக்குக் காலையில வெட்டறாங்களாம். பர்மிட்டு கையில இருக்குதாம். நிலத்தைக் கவர்மெண்டு எடுக்கறதுக்குள்ள மேல இருக்கிறதையாவது எடுத்துக்கறேன்னாரு. நிலத்தை எடுப்பாங்கன்னு யார் சொன்னாங்கன்னு கேட்டேன். உங்க ஊட்டம்மாதானுங்கன்னாரு."

அவர் ஒரு வாய் டீ குடித்தார். பிறகு குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். "நம்ம மலையில நிலக்கரி எப்படிம்மா வரும்?"

நேற்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

போனை எடுத்து அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். செம்மநத்தத்தில் சிக்னல் கிடைக்க வீட்டுக் கூரை மேல் ஏறித்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தக் கூரையில் நின்று என்னிடம் பேசினாரோ. முதல் பஸ்ஸும் போய்விட்டிருந்தது. "வண்டியை எடுங்க" என்றேன். கணவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பக்கமும் எஸ்டேட் வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ரோடு. பின்சீட்டில் உட்கார்ந்து, பதினெட்டு வருடத்துக்கு முன் பரீட்சைக்கு எழுதியதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். பயத்தில் மூளை நன்றாகவே வேலை செய்தது.

நிலக்கரி என்பது வேறொன்றுமில்லை, காடுதான். தண்ணீர் தேங்கிய சதுப்பில் நின்ற காடு. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, அதிலிருக்கிற கரியை மரமாக்கி வைத்துக்கொள்கிறது. மரம் விழுந்து மட்கினால் அந்தக் கரி திரும்பக் காற்றுக்கே போய்விடும். ஆனால் தண்ணீருக்குள் விழுந்து, மட்குவதற்குள் சேறு மூடி, அதன் மேல் இன்னொரு காடு விழுந்து, இன்னொரு சேறு மூடினால், அது திரும்பிப் போக வழியில்லை. அடுக்கின் பாரமும் பூமியின் சூடும் அதை அழுத்தி அழுத்திக் கல்லாக்கிவிடும். நெய்வேலியில் எடுக்கிற பழுப்பு நிலக்கரி அப்படி வந்ததுதான். ஆக, நிலக்கரி வேண்டுமென்றால் முதலில் ஒரு காடு வேண்டும். அப்புறம் அது விழுந்து கிடக்க ஒரு பள்ளம் வேண்டும், மூட வண்டலும் வேண்டும்.

எங்கள் மலையில் இவற்றில் எது இருந்தது? சேர்வராயன் மலையின் கருங்கல் இருநூறு கோடி வருடத்துக்கும் மூத்தது. பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து கிடந்த பாறை, மெல்ல மெல்ல மேலே வந்திருக்கிறது. அது உருவான நாளில் தரையில் ஒரு புல்கூடக் கிடையாது. செடிகொடி கரையேறியதே அதற்கப்புறம் நூறு கோடி வருடத்துக்கும் மேல் கழித்துத்தான். இலையே இல்லாத காலத்துப் பாறைக்குள் எங்கிருந்து காடு போய்ப் படுக்கும்? இரண்டாம் வருடப் பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். நேற்று ஒரு குடைக்காரர் முன்னால் அத்தனையும் போய்விட்டது.

"நிலக்கரி கிடையாதுங்க! இருக்கவே முடியாது!" என்று கணவர் காதில் கத்தினேன்.

"அப்ப நம்ம மலையில கரியே இல்லையா?" என்று அவரும் கத்தினார்.

"இருக்குங்க. எரிஞ்சு முடிஞ்ச கரி."

அதுவும் உண்மைதான். கல்லூரியில் எங்கள் மலைக் கருங்கல்லை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார்கள். கண்ணாடி போலிருந்த மணிகளுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. என்ன என்று கேட்டால், அவ்வளவும் கரியமில வாயுவாம், அதாவது எரிந்து முடிந்த கரி. பாறை வெந்த காலத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் வெளியே வரவில்லை. மலையிறங்கி அடிவாரத்தில் பார்த்தால் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் எடுக்கிற கரட்டுக் குன்றுகள். அதுவும் இதே கதைதான். மழைத்தண்ணீரும் மண்ணுக்குள் ஓடுகிற தண்ணீரும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைக்குள் இறங்க, அந்தப் பாறையிலிருந்த மக்னீசியம் அதைப் பிடித்து வெள்ளைக்கல்லாகக் கட்டிப் போட்டிருக்கிறது. சூளையில் சுட்டால்தான் விடும். இப்படிக் கல்லுக்குள் அடைந்து கிடக்கிற கரி இந்த ஜில்லாவில் ஏராளம். ஆனால் அதை அடுப்பில் போட்டால் எரியாது. சோறு ஆகாது.

அவர்கள் வீட்டில் சோறு ஆகியிருக்கிறது.

பென்சிலுக்குள் வைக்கிற கிராஃபைட்டாக இருக்குமோ என்று ஒரு வளைவு வரைக்கும் யோசித்தேன். பழைய பாறையில் அது வரக்கூடியதுதான். ஆனால் அதுவும் விறகடுப்பில் எரிகிற சரக்கு இல்லை. அடுத்த வளைவில்தான் புத்தி வந்தது. மரக்கரி! எந்தக் காலத்திலோ யாரோ மரத்தை வெட்டி, கரி சுடக் குழி போட்டிருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேட்டுமண் சரிந்து மூடியிருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு குழியை ஒதுக்கி ஓட்டிவிட்டு, "நேத்து கட்டி எப்படியிருக்கு, கனமா லேசான்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றேன்.

செம்மநத்தம் வருவதற்கு இரண்டு திருப்பம் முன்பே மரம் அறுக்கிற மிஷின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. பிறகு, பனிக்குள்ளிருந்து, ஒரு பெரிய மரம் விழுகிற சத்தம். நான் என் கணவரின் தோளை எவ்வளவு அழுத்திப் பிடித்தேன் என்று அவர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

நாங்கள் போய் நின்றபோது முதல் மரம் காப்பிச்செடிகள் மேல் குறுக்கே கிடந்தது. அதோடு மிளகுக்கொடியும் விழுந்து, முற்றாத பச்சைச் சரங்களோடு பரந்து கிடந்தது. இன்னும் இரண்டு மாதம் போனால் பறிக்க வேண்டிய மிளகு. இரண்டாவது மரத்தில் எங்கள் கடைக் கயிறு கட்டியாகிவிட்டது. மரம் வெட்ட வந்தவர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோட்டக்காரர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார். அவர் மனைவி வீட்டு வாசலில் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணா! அது நிலக்கரி இல்லை! நான் சொன்னது தப்பு!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "பயப்படாதீங்க பாயம்மா. யாரு கேட்டாலும் உங்க பேரைச் சொல்ல மாட்டனுங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கவர்மெண்டுக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் முதலில் சொன்னது அவருக்கு அவ்வளவு வேதவாக்கு. இரண்டாவது சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நெய்வேலி, சதுப்பு, இருநூறு கோடி என்று நான் அடுக்க அடுக்க, அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். மரம் வெட்ட வந்தவர் மிஷினில் ஒட்டியிருந்த தூளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாருங்கண்ணா. ஒரு பக்கெட்டுல தண்ணி குடுங்க. நிலக்கரின்னா முங்கும். மரக்கரின்னா மிதக்கும். அவ்வளவுதான்" என்றேன்.

தண்ணீர் வந்தது. குழிக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்ததில் ஒரு கட்டியை எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி பக்கெட்டில் போட்டேன்.

நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்று எடுத்துப் போட்டேன். அதுவும் போனது. பக்கெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றேன். தலை நிமிர முகமில்லை. ஸ்கூட்டரில் அவ்வளவு பாடம் ஒப்பித்தது எதற்கு? யா அல்லாஹ், ஒருவேளை நேற்றுச் சொன்னதுதான் சரியோ? வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்ப ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் மரம் வெட்ட வந்தவர் மிஷினை இழுத்து விட்டார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அந்த அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதுவரை எங்கள் பக்கம் திரும்பாதவர். பக்கெட்டுக்குள் கையை விட்டுக் கட்டியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிழிகிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினார். கருப்புத் தண்ணீர் கசிந்தது.

"மிஷினை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரரிடம். நின்றதும் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, மழை பூரா இது மண்ணுக்குள்ள ஊறிக் கெடந்ததுங்க. சாரல்ல நனைஞ்ச கரி இப்படித்தானுங்க கனக்கும். நேத்து முந்தாநேத்துகூட அடுப்புமேட்டுல காய வெச்சுத்தானுங்க எரிச்சேன். காய்ஞ்சதைப் போட்டுப் பார்க்க வேண்டாமுங்களா?"

வேண்டாமா பின்னே! கரிக்குள் இருக்கிற ஓட்டையெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால் அது எப்படி மிதக்கும்? இது நிலவியல்கூட இல்லை, அடுப்படி விஷயம். எனக்குத் தோன்றாமல் போனது கேஸ் அடுப்பில் சமைக்கிறதாலா, வாய் மட்டும் முன்னால் போகிறதாலா, தெரியவில்லை. அந்த அக்கா நாலு சின்னக் கட்டிகளைப் பொறுக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, எரிகிற கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு, அவற்றைத் தணலை ஒட்டினாற்போல் தள்ளிவிட்டார். மரம் வெட்ட வந்தவருக்கு டீ வைத்துக் கொடுத்தார். அது காய்கிற நேரம் வரைக்கும் இரண்டாவது மரத்துக்கு ஆயுசு.

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். கணவர் மேலே நின்று கையைப் பிடித்துக்கொண்டார். குழியின் சுவரைப் பார்த்த உடனே பாதி உயிர் வந்தது. நிலக்கரி என்றால் பாய் விரித்த மாதிரி நீளத்துக்குப் போகும். இங்கே கருப்பு, ஒரு பெரிய சட்டியின் அடி மாதிரி வளைந்து, நான் கையை நீட்டுகிற தூரத்துக்குள் இரண்டு பக்கமும் முடிந்துபோனது. அந்த வளைவைச் சுற்றி ஒரு சாண் மண் மட்டும் செங்கல் நிறத்துக்கு வெந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை. நெருப்பு எரிந்த இடம் அது.

"அண்ணா, இறங்கி வந்து பாருங்க" என்றேன். அவர் இறங்கினார். கருப்பிலிருந்து ஒரு பெரிய துண்டைப் பெயர்த்து, அவருடைய களைக்கொத்தின் முனையால் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது. உள்ளே வளையம் வளையமாக, நடுவில் ஒரு கிளை முளைத்த முடிச்சோடு, அப்படியே மரம்.

அவர் அதை வாங்கிக் கட்டைவிரலால் வளையங்களைத் தடவினார். வாழ்நாள் முழுக்க மரம் வெட்டியும் நட்டும் வந்த விரல்.

"மரமுங்க இது" என்றார். பிறகு மேலே பார்த்துக் கத்தினார். "ஏம்புள்ள! மரம் இது! வெறும் மரக்கரி! எஸ்டேட்டுக்குக் காடு அழிச்சப்ப எவனோ கரி போட்டிருக்கான்!"

நாங்கள் ஏறி வந்தபோது அந்த அக்கா காய்ந்த கட்டிகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு பக்கெட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டார். டப் என்று விழுந்து, உள்ளே போகாமல், ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீர் மேல் நின்றது. மற்றதையும் போட்டார். நாலும் மிதந்தன. அவர் குனிந்து ஒன்றை விரலால் அமுக்கினார். விரலை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பு என்று நிரூபணமானதற்கு இப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. அங்கேயே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் சிரிக்கிறார், தோட்டக்காரர் சிரிக்கிறார், எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தோட்டக்காரர் போய் இரண்டாவது மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். மரம் வெட்ட வந்தவர் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நிலக்கரின்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார். அண்ணன் வாக்குத் தவறாதவர். என் பெயரைச் சொல்லவே இல்லை.

மரம் வெட்ட வந்தவர் போன பிறகு குழியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "இத்தனை கரி கெடக்குதுங்களே, எடுத்து எரிச்சுக்கலாமுங்களா?" என்று தோட்டக்காரர் கேட்டார். உங்கள் கரி, உங்கள் இஷ்டம் என்றேன். பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். மரமாகவே விட்டிருந்தால் எப்போதோ மட்கிக் காற்றோடு போயிருக்கும். கரியானதால் மண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. நாம் தொடாமல் விட்டால் நம் பேரன் பேத்திகளுக்கு அப்புறமும் நிற்கும். மண்ணுக்கும் நல்லது, ஈரம் பிடித்துவைக்கும். அவர் குழியை ஒட்டியிருந்த காப்பிச்செடிகளைத் திரும்பிப் பார்த்தார். மற்றதைவிட அவை கொஞ்சம் கருகருவென்றுதான் இருந்தன. அது கரியாலா என்று கேட்டார். அதற்கு மட்டும், தெரியலீங்கண்ணா என்றேன். என் கணவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப கெடக்கட்டுமுங்க" என்று தோட்டக்காரர் மண்வெட்டியை எடுத்தார். தொட்டியைப் பத்தடி தள்ளித் தோண்டுவதென்று முடிவானது. என் கணவரும் சட்டையைக் கழற்றிவிட்டு மண் தள்ளினார்.

அந்த அக்கா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, கொடியிலிருந்து பச்சை மிளகுச் சரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஊறுகாய்க்கு ஆகும் என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன கேட்டாலும் அந்த மரம் எழுந்து நிற்கப் போவதில்லை.

சாக்கில் ஒரு கைப்பிடி சேர்ந்த பிறகு, "நொம்ப பயந்துட்டேனுங்கக்கா" என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

அவர் கை நிற்கவில்லை. "நேத்து சாயங்காலம் இவரு கயிறு வாங்கப் போனப்ப, நான் மட்டும்தானுங்க இருந்தேன். ஒவ்வொரு மரமா போயித் தொட்டுச் சொல்லிட்டு வந்தனுங்க."

"என்னன்னுங்க?"

"போயிட்டு வாங்க சாமின்னு. நாங்க நட்டதுதானுங்களே எல்லாம். ஒரு வார்த்தை சொல்லாம எப்படிங்க அனுப்பறது?"

அவர் கையிலிருந்த சரத்தைச் சாக்கில் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப மறுபடியும் போயி, போக வேண்டாமுன்னு சொல்லோணுமுங்க" என்றார். இரண்டடி நடந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. "நீங்களும் வாங்க. போகச் சொன்னது நீங்கதானுங்களே."

போனேன். கயிறு கட்டியிருந்த தடம் பதிந்த அந்த இரண்டாவது மரத்தில் தொடங்கினோம். அவர் மிளகுக்கொடியை விலக்கி மரத்தில் கை வைப்பார், வாய்க்குள் ஏதோ சொல்வார். பிறகு நகராமல் நிற்பார், நானும் கை வைக்கும் வரைக்கும். சரிவில் ஏறி இறங்கி, ஒன்றையும் விடாமல், இருபத்தொன்பது மரத்தையும் தொட்டுவிட்டு வந்தோம்.